பிள்ளைகளின் பாதுகாப்பு: பள்ளிக்கூடத்திடம் நாம் கேட்க வேண்டியவை



கண்ணியமிக்க பெற்றோர்களே! பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போகும்போது நாம் கேட்பவை பெரும்பாலும் மூன்று: கட்டணம் எவ்வளவு, வண்டி வருமா, பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள். குடிநீர்த் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள், தீப்பிடித்தால் மாடியில் இருக்கும் பிள்ளைகள் எந்த வழியாக இறங்குவார்கள், எங்களைத் தவிர வேறு யாராவது வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பி விடுவீர்களா என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம் நமக்கு. பிள்ளை அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தை நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். அதற்கான விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நம் உரிமை, கடமையும்கூட.

இந்த இதழின் பாடம் அதைப் பற்றியது.

1. நம் மாவட்டம் 2022இல் கற்ற இரண்டு பாடங்கள்

2022 ஜூலை மாதத் தொடக்கத்தில் காரைக்காலில் வாந்திபேதி பரவியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காலரா உறுதியானதும் புதுச்சேரி சுகாதாரத்துறை பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்தது. பள்ளி, கல்லூரிகள் மூன்று நாள் மூடப்பட்டன.

காலராக் கிருமி மலத்திலிருந்து தண்ணீருக்கு வந்து, தண்ணீரிலிருந்து வாய்க்குப் போகிறது. உடைந்த குழாயில் சாக்கடை கசிந்து கலந்தாலே போதும், ஒரு தெருவே படுத்துவிடும். பள்ளியில் முந்நூறு பிள்ளைகள் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஆகவே தொட்டியைக் கழுவிய தேதி அதன் மேலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். குளோரின் சேர்க்கிறார்களா, தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கழிப்பறைக்கு அருகில் சோப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோப்பு இல்லாத குழாயில் கை நனையுமே தவிர கிருமி போகாது.

பிள்ளைக்குக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புங்கள். அரிசி கழுவிய தண்ணீர் போல வயிற்றால் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போகும் வரை சும்மா இருக்கக் கூடாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இரண்டையும் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் கெடுதல். ஓஆர்எஸ் பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது.

இரண்டாவது பாடம் அதே ஆண்டு செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் வந்தது. காரைக்காலில் தனியார் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு, வீட்டிலிருந்து கொடுக்கச் சொன்னதாகச் சொல்லிக் காவலாளி மூலம் ஒரு குளிர்பானம் கொடுக்கப்பட்டது. பிள்ளை குடித்தான். வீட்டுக்கு வந்ததும் வாந்தி. குளிர்பானம் கொடுத்தனுப்பினீர்களா என்று கேட்டபோதுதான், வீட்டிலிருந்து யாரும் எதையும் அனுப்பவில்லை என்பது தெரிந்தது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

காவலாளிக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிப் பிள்ளையிடம் சேர்ப்பது நம் ஊரில் உபகாரமாகத்தான் நினைக்கப்படுகிறது. பள்ளி வாசலில் அந்த உபகாரம் கூடாது. மறந்துவிட்ட சாப்பாட்டுப் பையைக் கொண்டு வருபவர் யார் என்று நோட்டில் எழுத வேண்டும். தாயிடமோ தகப்பனிடமோ போன் செய்து கேட்ட பிறகே பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். பாதி நாளில் பிள்ளையை அழைத்துப் போக வருபவர்களுக்கும் இதே விதிதான். சொந்த மாமா என்றாலும், பள்ளியில் கொடுத்த பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டால் அனுப்பக் கூடாது. அப்படி நிறுத்தி வைக்கப்பட்டால் மாமாவுக்குக் கோபம் வரும். வரட்டும். அந்தக் காவலாளியை நாம் பாராட்ட வேண்டும்.

2. கும்பகோணம் சொன்னது

2004 ஜூலை 16. நம் ஊரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் மாண்டார்கள். சத்துணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. சின்னப் பிள்ளைகளின் வகுப்புகள் மாடியில் இருந்தன. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை விதித்தது.

இந்த விபத்தைச் சுட்டிக்காட்டித் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்றது. தீயணைப்புக் கருவி வைப்பது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவது, கட்டடத்தை அவ்வப்போது சோதிப்பது ஆகியவை அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் கட்டாயமாயின.

இன்று கீற்றுக் கூரை வகுப்பறைகள் அநேகமாக இல்லை. ஆனால் படிக்கட்டில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைப்பதும், பின்பக்கக் கதவைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் வைப்பதும் இன்னும் நடக்கின்றன. தீயணைப்புக் கருவி சுவரில் தொங்கும். அதை நிரப்பிய தேதியைப் படித்தால்தான் அது உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது மணியடித்து எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்துக்கு இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புயலையும் 2004 சுனாமியையும் பார்த்த கரையோர மக்களான நமக்கு இந்தப் பயிற்சி அதிகப்படியானது அல்ல.

3. உணவும் வண்டியும்

அதே ஜூலை 16ஆம் தேதி, 2013ஆம் ஆண்டு, பீகார் மாநிலத்துக் கந்தமன் கிராமத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் பூச்சிமருந்து கலந்திருந்தது. மதிய உணவைப் பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியராவது சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அது நடக்கிறதா என்று கேளுங்கள். வயல் வேலை உள்ள வீடுகளிலும் கவனம் தேவை. பூச்சிமருந்து டப்பாவைக் கழுவி எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ வைத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் அது விஷ டப்பாதான்.

2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ஆறு வயதுச் சிறுமி விழுந்து இறந்தாள். பள்ளிப் பேருந்துகளுக்கு உச்ச நீதிமன்றம் 1997லேயே விதிகள் சொல்லியிருந்தது. ஓட்டுநருக்குக் கனரக வாகனம் ஓட்டி ஐந்தாண்டு அனுபவம் வேண்டும், வண்டியில் முதலுதவிப் பெட்டியும் தீயணைப்புக் கருவியும் வேண்டும், உதவியாளர் ஒருவர் உடன் வர வேண்டும், கதவு சரியாகப் பூட்ட வேண்டும். பேருந்துக்கு இவ்வளவு கேட்கிறோம். ஆனால் நம் தெருக்களில் காலையில் ஓர் ஆட்டோவில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நிற்கிறோம். மாதம் இருநூறு ரூபாய் மிச்சமாகிறது என்பதற்காக அதை ஒத்துக்கொள்ளலாமா? ஒரே தெருவைச் சேர்ந்த நான்கைந்து குடும்பங்கள் பேசி வைத்து, அளவான பிள்ளைகளோடு ஒரு வண்டியை அமர்த்திக்கொள்ளலாம்.

4. அடியும் தீண்டலும்

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகடிப்பதையும் தடை செய்கிறது. "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சார்" என்று சொல்லும் பழைய வழக்கத்தை நாமும் விட வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. தவறு நடந்தது தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் மறைப்பதும் இச்சட்டப்படி குற்றம். நிறுவனத்தின் பொறுப்பாளரே மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பள்ளியின் பெயர் கெடும், குடும்ப மானம் போகும், ஜமாஅத்தில் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் சட்டம் அதை ஏற்காது, மார்க்கமும் ஏற்காது. குழந்தையின் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து கொடுங்கள். அதைவிட முக்கியமானது, பிள்ளை ஒன்றைச் சொல்ல வரும்போது ஏசாமல் கேட்பது.

5. நம் பக்கம் இருக்கும் கடமை

பள்ளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நம் வீடுகள் பலவற்றில் அத்தா சபுரில் இருக்கிறார். பள்ளி விண்ணப்பத்தில் எழுதிய எண்ணோ அவர் ஊரில் இருந்தபோது வைத்திருந்த எண். பிள்ளைக்கு அடிபட்டு ஆசிரியர் அழைத்தால் அது அணைந்து கிடக்கிறது. தாயின் எண்ணையும், பக்கத்திலேயே இருக்கும் ஓர் உறவினரின் எண்ணையும் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

வலிப்பு, ஆஸ்துமா, சில மருந்துகளோ உணவுகளோ ஒத்துக்கொள்ளாமை ஆகியவை இருந்தால் மறைக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். பெண் பிள்ளைக்கு வலிப்பு இருப்பது வெளியே தெரிந்தால் நாளை சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. வகுப்பில் விழும்போது என்ன செய்வது என்று ஆசிரியைக்குத் தெரியாமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் பிள்ளையை, வருகைப் பதிவு குறையும் என்று அனுப்பாதீர்கள். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு நாள் கழித்து அனுப்புங்கள். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்ததன் கருத்து, நம் நோய் பிறரைத் தொடக் கூடாது என்பதே. பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தால் மட்டும் அன்று தவிர்த்து, குணமானபின் வாங்கிக் கொடுங்கள்.

இவையெல்லாம் நம் மக்தப் மதரஸாக்களுக்கும் பொருந்தும். கல்வி உரிமைச் சட்டம் மதரஸாவைத் தொடாது என்பது சரிதான். தீயும் மின்கசிவும் பாம்பும் அப்படி விலக்குத் தராது. மக்ரிபுக்குப் பிறகு பிள்ளைகள் வரும் வழியில் விளக்கு எரிகிறதா, ஒளூச் செய்யும் தொட்டி சுத்தமாக இருக்கிறதா என்று முத்தவல்லிகள் பார்க்க வேண்டும்.

6. எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகள்

1. குடிநீர்த் தொட்டி கடைசியாக எந்தத் தேதியில் கழுவப்பட்டது?
2. பெண் பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள தனிக் கழிப்பறை இருக்கிறதா?
3. பிள்ளையை அழைத்துப் போகவும் பொருள் கொடுக்கவும் யாருக்கெல்லாம் அனுமதி?
4. தீயணைப்புக் கருவி எப்போது நிரப்பப்பட்டது? வெளியேறும் பயிற்சி எப்போது நடந்தது?
5. முதலுதவி தெரிந்த ஆசிரியர் யார்? அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த வண்டியில் கொண்டு போவீர்கள்?
6. புகார் சொல்ல வேண்டுமானால் யாரிடம்? எத்தனை நாளில் பதில்?

அரசுப் பள்ளியிலும் உதவிபெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். சிறுபான்மையினர் நடத்தும் உதவிபெறும் பள்ளிகளுக்கு அந்த விதி பொருந்தாது. நம் தாய்மார்கள் அந்தக் கூட்டத்துக்குப் போய் உட்கார வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாமல், மேலே உள்ள கேள்விகளில் ஒன்றையாவது கேட்டுவிட்டு வாருங்கள். தனியார் பள்ளியாக இருந்தால் நான்கு பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். தனியாகக் கேட்பவரைப் பள்ளி எளிதாகத் தட்டிக் கழித்துவிடும்.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரலாம். எழுதித் தருகிறோம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்று கற்ற சமுதாயம் நாம். நம் பிள்ளைகள் காலையில் போனபடியே மாலையில் நலமாக வீடு திரும்ப வல்ல ரஹ்மான் அருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்