இழந்த நம்பிக்கை மீளுமா?
வாள் செய்வோர் தொழிலிலிருந்து ஒரு பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் பங்குத் தொகையே என்று நாம் எண்ணுகிறோம். பேரேட்டின் எந்தப் பக்கத்திலும் காணப்படாத மற்றொரு மூலதனமும் உண்டு. வாங்குவோர் நம்மீது வைத்துள்ள நம்பிக்கையே அது. அது ஒருமுறை கெட்டுப் போனால் மீண்டும் தேடிக்கொள்ள இயலுமா? இவ்வினாவை நம் தறியையும் வயலையும் சற்றே மறந்து, வேறொரு தொழிலைக் கொண்டு ஆராய்வோம். பிறர் தொழிலின் குறையைக் காண்கையில் நம் கண் தெளிவாயிருக்கும் அன்றோ?

மறைந்திருக்கும் குறை

பழங்கால வாள்களைப் போன்ற மாதிரி வாள்களைச் செய்து விற்கும் தொழில் இன்று இந்தியா, சீனா முதலிய நாடுகளில் நடைபெற்று வருகிறது. இவ்வாள்கள் இருவகைப்படும். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்குரியவை ஒருவகை. வாட்பயிற்சி செய்வோர் கையிலெடுத்து வீசுவதற்குரியவை மற்றொரு வகை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேற்றுமை உள்ளே இருக்கிறது.

வாளின் அலகு பிடியோடு முடிந்துவிடுவதில்லை. அதன் வால் பகுதி பிடிக்குள்ளே நுழைந்திருக்கும். நல்ல வாளில் அவ்வால் போதிய அகலமும் கனமும் உடையதாய், அலகோடு ஒரே இரும்பாய் இருக்கும். மலிவான வாளிலோ மெல்லிய கம்பியொன்றை அலகின் அடியில் பற்றவைத்து, மேலே பிடியை மாட்டி மறைத்துவிடுவர். அதனை ஓங்கி வீசினால் பற்றுவைத்த இடம் முறிந்து, அலகு தனியே பறந்து செல்லும். அருகில் நிற்பவர் உயிருக்கே அது ஆபத்தாகும்.

எஃகின் பக்குவமும் அவ்வாறே. அலகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தால் அது கடினமாகும். ஆனால் எளிதில் முறியும். மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தினால்தான் வளைந்து நிமிரும் தன்மை பெறும். தோய்ச்சல் குறைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். பதம் தவறினால் ஒடிந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு சமையலறைக் கத்திக்கு ஏற்றது. நீண்ட வாளுக்கு அதன் சாதாரண வகைகள் ஏற்றவையல்ல. இவற்றில் எதையும் வாங்குபவர் கண்ணால் கண்டறிய முடியாது. செய்தவர் சொல்லை நம்பியே பணம் கொடுக்கிறார்.

ஆகவே வாள் ஒடிந்தபோது வாங்கியவர், “இந்த வாள் கெட்டது” என்று மட்டும் நினைப்பதில்லை. “இவர் மறைத்த இடமெல்லாம் இப்படித்தான் இருக்கும்” என்று நினைக்கிறார். ஒரு பொருளின் குறை அப்பட்டறையின் எல்லாப் பொருள்களுக்கும் உரிய குறையாக மாறிவிடுகிறது.

1786-இல் நடந்த சோதனை

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கில நாட்டு வாள்களுக்கு இத்தகைய அவப்பெயர் ஏற்பட்டிருந்தது. 1783-இல் லண்டன் வாள் வியாபாரிகளே, உள்நாட்டு அலகுகள் தரம் குறைந்தவையாதலால் ஜெர்மானிய அலகுகளைத் தீர்வையின்றி இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும் என்று அரசாங்கக் கருவூலத்திற்கு மனுச் செய்துகொண்டனர்.

பர்மிங்ஹாம் நகரில் வாள் செய்து வந்த தாமஸ் கில் என்பவர் இதற்கு விடையாகத் தம் புகழைத் தாமே பாடிக்கொண்டிருக்கவில்லை. தம் வாள்களையும் ஜெர்மானிய வாள்களையும் பிறர் கையால் ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும் என்று 1786-இல் வேண்டுகோள் விடுத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய வாள்கள் ஒவ்வொன்றும் ஓர் இயந்திரத்தில் வைத்து வளைக்கப்பட்டன. 36 அங்குல நீளமுள்ள அலகு 29½ அங்குலமாகக் குறுகும்வரை வளைத்தார்கள். கில்லின் வாள்கள் 2,650-இல் 4 மட்டுமே தள்ளப்பட்டன. ஜெர்மானிய வாள்கள் 1,400-இல் 28 தள்ளப்பட்டன. மற்ற ஆங்கிலப் பட்டறைகளின் வாள்கள் 2,700-இல் தள்ளப்பட்டவை 1,084.

இக்கணக்கில் இரு பாடங்கள் உள்ளன. சொல்லால் மீட்க முடியாத நம்பிக்கையைச் சோதனையால் மீட்கலாம் என்பது முதலாவது. இரண்டாவது நமக்கு இன்னும் முக்கியமானது. ஆங்கில வாள்களைப் பற்றிய குறை பொய்யன்று. ஐந்தில் இரண்டு உண்மையாகவே தவறின. அக்குற்றத்தைச் செய்யாத கில்லும் அதன் சுமையைத் தாங்க நேர்ந்தது. ஓர் ஊரின் பெயரால் விற்கும் தொழிலில் அயலார் செய்த பிழையும் நம் கணக்கில் பற்று எழுதப்படும்.

எண்ணும் பெயரும்

1854-ஆம் ஆண்டு தொடங்கி லண்டன் வில்கின்சன் தொழிற்சாலை தன் வாள்களில் தொடர் எண் பொறித்து, அவ்வெண்களைப் பதிவேட்டில் குறித்து வந்தது. எண் இருந்தால் பழுதுபட்ட பொருள் எது, யாருக்குச் சென்றது என்று அறியலாம். அவ்வெண் செய்தவர் தமக்கெதிராகத் தாமே எழுதித் தந்த சாட்சியாகும்.

ஜெர்மனியின் சோலிங்கன் நகர் அலகுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அதன் பெயரைக் காக்க 1938-இல் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் புதிய விதி வகுக்கப்பட்டது. முக்கிய வேலைகள் யாவும் அவ்வட்டாரத்திலேயே நடைபெற்று, தகுந்த மூலப்பொருளால் செய்யப்பட்ட பொருளுக்கே அப்பெயரை இடலாம். பெயர் பொதுச் சொத்து. அதைக் கெடுக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே இதன் கருத்து.

குற்றம் தம்முடையதேயானால்?

கில் பிறர் குற்றத்தின் சுமையைத் தாங்கியவர். தாமே பழுதான வாளை விற்றவரின் நிலை இதனினும் கடினமானது. அவர் செய்யவேண்டியவை நான்கு.

முதலாவது, எந்தக் காலத்தில் செய்த எந்த வகைச் சரக்கு பழுதானது என்பதை வாங்கியோர் கேட்குமுன் தாமே வெளியிடுதல். “சில குறைகள் நேர்ந்திருக்கலாம்” என்ற மழுப்பல் ஐயத்தையே வளர்க்கும். இரண்டாவது, அச்சரக்கைத் திரும்பப் பெற்று, பணத்தையோ நல்ல பொருளையோ அளித்தல். பழைய கடனைத் தீர்க்காமல் புதுக் கணக்குத் தொடங்க இயலாது. மூன்றாவது, பிழைக்குக் காரணமான செய்முறையை மாற்றுதல். பழைய முறையிலேயே வேலை நடக்குமானால் மன்னிப்பு வெறும் விளம்பரமே. நான்காவது, மாற்றியதைப் பிறர் சோதனைக்கு உட்படுத்தி, தவறியவற்றின் எண்ணிக்கையையும் மறைக்காது கூறுதல். கில்லின் வாள்களிலும் 4 தவறின; அந்த 4 சொல்லப்பட்டதாலேயே மற்ற 2,646-ஐ நாம் நம்புகிறோம்.

இவ்வளவும் செய்தால் எல்லோரும் திரும்பி வருவார்களா? வரமாட்டார்கள். ஒடிந்த அலகால் காயமுற்றவர் திரும்பாவிடில் அவரைக் குறை கூறுதல் தகாது. ஆனால் அவர் தம் அண்டை அயலாரிடம், “ஏமாந்தேன், ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள்” என்று சொல்லக்கூடும். மீளும் நம்பிக்கை அச்சொல்லிலிருந்தே முளைக்கிறது. இழந்தது ஒரு நாளில். மீள்வதற்கோ பல ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் வருமானம் குறையும். அதனைத் தாங்கும் பொறுமை உள்ளவருக்கே நம்பிக்கை மீளும்.

நமக்கு உரியது

சாயம் நிற்குமா என்பது முதல் சலவைக்குப் பின்னரே தெரியும். விதை முளைக்குமா என்பது விதைத்த பின்னரே தெரியும். வாளின் பிடிக்குள் மறைந்த வாலைப்போல நம் சரக்கிலும் மறைந்த பகுதி உண்டு. தனி வியாபாரி தவறினால் அவர் ஒருவர் பெயர் கெடும். நம்முள் ஒருவர் தவறினால் சங்கத்தின் முத்திரையே கெடும். ஆயினும் தனி ஒருவரால் தாங்க இயலாத நஷ்டத்தைப் பலர் பகிர்ந்து தாங்கி, வாங்கியவருக்கு ஈடு செய்யும் ஆற்றலும் சங்கத்திற்கே உண்டு.

அங்கத்தினர் கூடிச் சிந்திப்பதற்கு:

1. நம் சரக்கில் வாங்குவோர் கண்ணுக்குப் புலனாகாத பகுதி எது? அதனைச் சோதிப்பவர் யார்?

2. பழுதென்று திரும்பி வந்த சரக்கு யார் கையில் உருவானது என்று அறிய நம்மிடம் பதிவு உண்டா?

3. சோதனையில் தள்ளப்பட்ட பொருள் நம் உறவினருடையதாயின், அதைத் தள்ளும் துணிவு நமக்கு உண்டா?

மூன்றாவது வினாவிற்கு நேர்மையாக விடை கூறும் சங்கம், இழந்த நம்பிக்கையை மீட்கும் தகுதியைப் பெற்றுவிட்டது எனலாம்.