புரோக்கர் சொல்ற விலை மட்டும்தான் வீட்டோட விலையா? மதுரையில் வீடு வாங்கும் முன் ஒரு கணக்கு

திருப்பாலையில 40 லட்சத்துக்கு ஒரு வீடு பார்க்கிறீங்கன்னு வைங்க. "80 சதவீதம் லோன் கிடைக்கும் தம்பி, கையில 8 லட்சம் இருந்தா போதும்"னு புரோக்கர் சொல்றார். பலர் மாட்டிக்கிறது இந்த ஒரு வரியிலதான்.

முதல்ல கணக்கு

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7%, பதிவுக் கட்டணம் 2%. பதிவுக் கட்டணம் முன்னாடி 4% இருந்தது. 2023 ஏப்ரல்ல 2% ஆகக் குறைச்சாங்க, ஆனா அதே நேரத்தில் வழிகாட்டி மதிப்பை உயர்த்திட்டாங்க. பத்திரத்தில் போடுற விலை, வழிகாட்டி மதிப்பு, இந்த ரெண்டில் எது அதிகமோ அதுக்குத்தான் கட்டணம்.

- முன்பணம்: 8,00,000
- முத்திரைத்தாள் 7%: 2,80,000
- பதிவுக் கட்டணம் 2%: 80,000
- புரோக்கர் கமிஷன் 2%: 80,000

மொத்தம் 12,40,000 ரூபாய். வக்கீல், பத்திர எழுத்தர் செலவு இதில் சேரலை. ரிசர்வ் வங்கி விதிப்படி, 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வீட்டுக்கு லோன் அளவு கணக்கிடும்போது முத்திரைத்தாள், பதிவுச் செலவைச் சேர்க்க மாட்டாங்க. கூடுதலா வேணும்ங்கிற அந்த 4.4 லட்சத்துக்குத்தான் பலர் பர்சனல் லோன் எடுத்து, ரெண்டு இஎம்ஐ கட்டித் தவிக்கிறாங்க.

கமிஷன் யாருக்கு, எவ்வளவு?

2% என்பது வழக்கம் மட்டும்தான், சட்டம் போட்ட கட்டணம் இல்லை. அதனால தாராளமா பேரம் பேசலாம். வாங்குறவர், விற்கிறவர் ரெண்டு பேர்கிட்டயும் கமிஷன் வாங்குற புரோக்கருக்கு விலை ஏற ஏற லாபம். உங்களுக்காக விலையைக் குறைச்சுப் பேசுவார்னு முழுசா நம்பாதீங்க. ஓனர் 38 லட்சம் கேட்க, உங்ககிட்ட 40 சொல்லி, நடுவுல 2 லட்சம் எடுக்கிறதும் நடக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஓனரை நேர்ல பார்த்து விலையைக் கேளுங்க. கமிஷன் எவ்வளவு, எப்போ கொடுக்கணும்னு வாட்ஸ்அப்லயாவது எழுதி வாங்கிடுங்க. பத்திரம் பதிவான அன்னைக்குக் கொடுக்கிறதுதான் பாதுகாப்பு.

நீங்க விற்கிறவரா இருந்தாலும் இதே கதைதான். கையில எவ்வளவு வரும்ங்கிறதை கமிஷன் போகத்தான் கணக்குப் போடணும். விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தா, வாங்குறவர் 1% டிடிஎஸ் பிடிச்சுத்தான் கொடுப்பார். அதை வரிக் கணக்கு தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம்.

விளம்பரத்தை எப்படிப் படிக்கணும்?

தோப்பூரில் 2019 ஜனவரியில் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினாங்க. அதுக்கப்புறம் "எய்ம்ஸ் அருகில்"ங்கிற வார்த்தை திருமங்கலம் பக்கத்து மனை விலையோட ஒட்டிக்கிச்சு. நாளைக்கு வரப்போற வசதிக்கு இன்னைக்கே விலை கொடுக்கிறீங்களான்னு யோசிங்க. "5 நிமிடம்"னு போட்டிருந்தா, காலை 9 மணிக்கு நீங்களே பைக்ல போய்ப் பாருங்க.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேலோ வர்ற புது புராஜெக்ட் ரெரா பதிவு இல்லாம விளம்பரமே பண்ணக்கூடாது. அதை விற்கிற ஏஜென்ட்டுக்கும் பதிவு எண் வேணும். ரெண்டு எண்ணையும் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்க. அப்படிப்பட்ட புராஜெக்ட்டில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாம விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவங்க வாங்கக்கூடாது. அபார்ட்மென்ட்னா சதுர அடி விலையை சூப்பர் பில்டப்புக்குப் பார்க்காம, கார்பெட் ஏரியாவுக்குப் போட்டுப் பாருங்க.

தனி நபரோட பழைய வீட்டுக்கு இந்த ரெரா பாதுகாப்பு கிடையாது. அங்க பொறுப்பு முழுக்க உங்களோடதுதான்.

அட்வான்ஸுக்கு முன்னாடி 4 வேலை

1. பதிவுத்துறை இணையதளத்தில் வழிகாட்டி மதிப்பைப் பாருங்க.
2. 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்க.
3. பட்டா யார் பேரில் இருக்குன்னு பாருங்க. மனைன்னா டிடிசிபி அங்கீகாரமும் முக்கியம்.
4. தாய்ப் பத்திரத்தை நீங்க தேர்ந்தெடுத்த வக்கீல்கிட்ட காட்டுங்க. புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீல் வேண்டாம்.

"இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க"ன்னு அவசரப்படுத்தினா, "இந்த நாலையும் முடிச்சுட்டு வர்றேண்ணே"ன்னு சொல்லுங்க. அந்த வீடு கைவிட்டுப் போனா போகட்டும், வேற வீடு பார்த்துக்கலாம். வில்லங்கத்தில் மாட்டின சேமிப்பு திரும்பி வர்றது அவ்வளவு சுலபம் இல்லை.