சின்ன எழுத்தில் அடி, கண்ணு

வருகிற திங்கட்கிழமை வேலைக்குச் சேருகிறாய். அம்மா உனக்குப் புதுச் சுடிதார் எடுத்து வைத்திருக்கிறாளாம். அத்தையிடம் கொடுக்க என்ன இருக்கிறது? நிரல் எழுதிப் பிழைத்த காலத்தில் செய்த தப்புகள்தான் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அதிலிருந்து ஒரு பிடி மட்டும் அள்ளித் தருகிறேன்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1. தடுக்கினால் வெட்கப்படாதே. நம் எழுத்தில் பெரியது, சின்னது கிடையாது. 'அ' எங்கே நின்றாலும் 'அ'தான். ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு வாங்கிய அன்றுதான் ஒரே எழுத்துக்கு இரண்டு உருவம் உண்டு என்றே எனக்குத் தெரிந்தது. சி, ஜாவா, பைதான் போன்ற மொழிகளில் பெரிய எழுத்தில் தொடங்கும் 'டோட்டல்' ஒரு ஆள், சின்ன எழுத்தில் தொடங்கும் 'டோட்டல்' வேறு ஆள். பேசிக், பாஸ்கல், ஃபோர்ட்ரான் போன்றவற்றுக்கு இருவரும் ஒருவரே. புது மொழி கைக்கு வந்தால் முதலில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள். கேட்பதற்குக் கூச்சப்பட்டு நான் இழந்த சாயங்காலங்கள் அதிகம்.

2. உன்னைத் திருத்துகிறவரைப் பகைக்காதே. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இல்தான் நான் கை பழகினேன். அதன் எடிட்டருக்கு ஒரு குணம். ஒரு பெயரை அறிவிக்கும்போது நடுவில் ஒரு பெரிய எழுத்து வைத்துவிட்டால் போதும். பிறகு நீ முழுக்கச் சின்ன எழுத்தில் அடித்தாலும், அந்த வரியை விட்டு இறங்கியதும் அதுவே எழுத்தைத் தூக்கி நிறுத்திவிடும். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது, நான் அடித்ததைத் தொட இது யார் என்று. எனக்கு மேலே இருந்த ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "இனிமேல் எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே அடியுங்கள். எந்தப் பெயர் எழுந்து நிற்கவில்லையோ, அதில் எழுத்துப்பிழை இருக்கிறது." அன்றிலிருந்து எழுந்து நிற்காத பெயரைத் தேடுவதே என் வழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் எக்செல் மேக்ரோ எழுதும் ஜன்னலில் இந்தத் தந்திரம் பலிக்கும். முயன்று பார்.

3. தப்புச் செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அதே எடிட்டர் ஒரு பெயருக்கு மொத்தத் திட்டத்திலும் ஒரே உருவம்தான் வைத்துக்கொள்ளும். கடைசியாக யார் எப்படி அறிவித்தார்களோ அதுதான் எல்லா இடத்துக்கும். இது தெரியாமல், ஒரு மூலையில் இருந்த சின்ன மாட்யூலில் 'நேம்' என்று சின்ன எழுத்தில் ஒரு மாறியை அறிவித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எங்கெங்கோ பெரிய எழுத்தில் இருந்த 'நேம்' எல்லாம் தலை குனிந்துவிட்டன. நிரல் ஓடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பக்கம் பக்கமாக மாற்றம். மாதக் கடைசிக் கணக்கில் ஒரு உண்மையான பிழையைத் தேடிக்கொண்டிருந்த பையன், அந்த வரிகளையெல்லாம் ஒவ்வொன்றாக ராத்திரி முழுக்கப் படித்திருக்கிறான். காலையில் அவன் கண்ணைப் பார்த்தேன். காரணம் நான்தான் என்று தெரிந்தும் மத்தியானம் வரை வாயைத் திறக்கவில்லை. சரிசெய்ய ஆனது அரை நிமிடம்: பெரிய எழுத்தோடு ஒருமுறை அறிவித்துவிட்டு, அந்த வரியை அழித்துவிட்டால் எல்லாம் பழையபடி நிமிர்ந்துவிடும். அந்த அரை நாள் மௌனத்தைத்தான் இன்று வரை என்னால் அழிக்க முடியவில்லை.

4. போன வீட்டில் செருப்பை எங்கே விடுகிறார்களோ அங்கேயே விடு. பைதான்காரர்கள் ஃபங்ஷன் பெயரைச் சின்ன எழுத்தில் எழுதி நடுவில் அடிக்கோடு போடுவார்கள். ஜாவாக்காரர்கள் ஒட்டகத் திமில் மாதிரி நடுநடுவே பெரிய எழுத்து வைப்பார்கள். எது அழகு என்று மதியச் சாப்பாட்டு வேளையில் சண்டை நடக்கும். நீ கலந்துகொள்ளாதே, நான் கலந்துகொண்டு நண்பர்களை இழந்தேன். கோ மொழியிலோ இது அழகுப் பிரச்சினை இல்லை. முதல் எழுத்து பெரியதாக இருந்தால்தான் அந்தப் பெயர் தன் பேக்கேஜை விட்டு வெளியே தெரியும். இது தெரிந்த அன்று எனக்கு நம் தமிழ் ஞாபகம் வந்தது. பெரிய எழுத்தே இல்லாத நாம் வாசல் தாண்டுவது எப்படி? போதாததற்கு, புள்ளியையும் கொம்பையும் காலையும் அந்த மொழி பெயருக்குள் சேர்ப்பதில்லை. 'மரம்' என்று ஒரு மாறிக்குப் பெயர் வைக்க முடியாது, கடைசிப் புள்ளி இடிக்கும். பைதான் 3 பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை, கண்ணு. ஒருவர் வகுத்த விதியில் இன்னொருவர் வீட்டு நிலைப்படி உயரம் தெரிவதில்லை.

5. மொத்தமாக மாற்றும் பொத்தானில் கை வைக்குமுன் ஒரு மூச்சு விடு. ஈமேக்ஸ் எடிட்டரில் சின்ன எழுத்தில் கொடுத்து மாற்றச் சொன்னால், பழைய சொல் பெரிய எழுத்தில் இருந்த இடத்தில் புதிய சொல்லையும் பெரிய எழுத்தில் வைக்கும். விம் எடிட்டரில் ஒரு அமைப்பு உண்டு. சின்ன எழுத்தில் தேடினால் இரண்டையும் காட்டும், ஒரே ஒரு பெரிய எழுத்தைச் சேர்த்தால் கண்டிப்பாகிவிடும். உன் எடிட்டர் எந்த ரகம் என்று தெரியாமல் ஆயிரம் இடத்தில் மாற்றாதே.

6. "என் மெஷினில் ஓடுகிறதே" என்று சொல்லாதே. கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, நீ கூப்பிட்டது சின்ன எழுத்தில். உன் விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வர் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கையை விரித்துவிடும். அப்போது உன் குரல் உயர்ந்தால், பிறகு மன்னிப்புக் கேட்கும்போது அதே அளவு தாழ வேண்டியிருக்கும்.

7. முதல் நாள் கடவுச்சொல் அடிப்பதற்கு முன் கேப்ஸ் லாக் விளக்கைப் பார். மூன்று முறை தப்பாக அடித்து, சேர்ந்த அன்றே கணக்கைப் பூட்டிக்கொண்டு, திறந்துவிடச் சொல்லி மாடிக்கும் கீழுக்கும் நடந்தவள் உன் அத்தை.