மோட்டாரும் மின்கம்பியும்

பைகாராவின் நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் கோவைச் சமவெளியை வந்தடைந்தது. 1934இல் மதுக்கரையில் சிமெண்டு ஆலை எழுந்தது. 1937இல் ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகியோரின் முயற்சியால் இந்தியாவின் முதல் மின்மோட்டார் கோவையில் உருவாயிற்று. ஆலைகளில் ஒலித்த மோட்டாரின் ஓசை நாளடைவில் வீட்டுக் கொல்லைப்புறப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்தது. ஆனால், மோட்டாரை வாங்குவதில் காட்டும் அக்கறையை அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் கம்பியில் பலரும் காட்டுவதில்லை.

மதுக்கரையில் ஒரு வீட்டின் பின்புறம் சிறிய கடைசல் பட்டறை இருப்பதாகக் கொள்வோம். மின்பலகையிலிருந்து அதன் தொலைவு 30 மீட்டர். அங்கே ஒரு குதிரைத்திறன் கொண்ட ஒருமுனை மோட்டார் ஓடுகிறது. ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். அதனை 230 வோல்ட்டால் வகுத்து 3.2 ஆம்பியர் என்று விடை கூறுவோர் உண்டு. அது பிழை. 746 வாட் என்பது மோட்டாரின் அச்சு தரும் திறனேயன்றி, மோட்டார் பெறும் திறன் அன்று. பயனுறுதிறன் 70 விழுக்காடு, திறன்காரணி 0.75 எனக் கொண்டால் ஓடும்போதைய மின்னோட்டம் ஏறத்தாழ 6.2 ஆம்பியர் ஆகும். சரியான அளவு மோட்டாரின் பெயர்த்தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதன்மீதே வண்ணம் பூசிவிடுகிற பட்டறைகளும் இருக்கின்றன!

நின்ற வண்டியை நகர்த்தக் காளைகள் முதலில் முக்கி இழுக்கின்றன. மோட்டாரும் அவ்வாறே. கிளம்பும் நொடிகளில் ஏறத்தாழ ஆறு மடங்கு, அதாவது 37 ஆம்பியர் வரை இழுக்கும். 10 ஆம்பியர் அளவுள்ள 'பி' வகை எம்.சி.பி. 30 முதல் 50 ஆம்பியருக்குள் உடனே துண்டித்துவிடும் இயல்புடையது. ஆகவே மோட்டார் கிளம்பும்போதே அது விழுந்துவிடக்கூடும். 'சி' வகைக்கு அவ்வெல்லை 50 முதல் 100 ஆம்பியர் வரை. இங்குப் பொருந்துவது 10 ஆம்பியர் 'சி' வகையே.

இதனை அறியாதார், எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று 32 ஆம்பியர் அளவுள்ளதை மாற்றிப் பொருத்திவிடுவர். ஒருநாள் அச்சு இறுகி மோட்டார் சுழலாமல் நின்றால், 37 ஆம்பியர் இடைவிடாது பாயும். 10 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு நிமிடத்திற்குள் துண்டித்திருக்கும். 32 ஆம்பியர் எம்.சி.பி.யோ நெடுநேரம் பொறுத்திருக்கும். அதற்குள் 1 சதுர மில்லிமீட்டர் கம்பியின் காப்புறை உருகி, ஓட்டுக்கூரை மரச்சட்டத்தில் தீப்பற்றலாம். எம்.சி.பி. முதன்மையாகக் காப்பது கம்பியை. மோட்டாரைக் காக்க மிகைச்சுமை ரிலே தனியே வேண்டும்.

கம்பியின் தடிமனுக்கு மற்றொரு காரணமும் உண்டு. போகவும் வரவுமாக 60 மீட்டர் செம்புக்கம்பி 1 சதுர மில்லிமீட்டரில் அமைந்தால் அதன் மின்தடை ஏறத்தாழ 1.1 ஓம். கிளம்பும்போது 40 வோல்ட் கம்பியிலேயே இழக்கப்படும். திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், மூன்றில் இரு பங்கே எஞ்சும். சுமையோடு கிளம்ப இயலாமல் மோட்டார் உறுமிச் சூடேறும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 16 வோல்ட்டுக்குள் அடங்கும். பட்டறையின் தரை ஈரமாக இருக்குமாயின், நல்ல நிலஇணைப்புடன் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பானும் பொருத்துதல் வேண்டும்.