இளவயதினரையும் தாக்கும் பாரிசவாதம்

மானிட உடலை இறைவன் எழுந்தருளியிருக்கும் ஆலயமாகக் கண்டவர் திருமூல நாயனார். அவ்வாலயத்தைப் பேணுதலும் சிவதொண்டேயாகும். அந்த வகையில், முதியோரின் நோய் என நாம் எண்ணிவரும் பாரிசவாதம் இளவயதினரையும் தாக்குவது பற்றிச் சில விடயங்களை அடியார்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றேன்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பாரிசவாதம் ஏற்படுகின்றது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 1 கோடி 20 இலட்சம் பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர். உலக பாரிசவாத அமைப்பு 2022 இல் வெளியிட்ட தரவுகளின்படி இவர்களுள் 100 க்கு 16 பேருக்கு மேல் 15 முதல் 49 வயது வரையானவர்கள். இந்நோயினால் உண்டாகும் மரணத்திலும் ஊனத்திலும் பெரும்பங்கு வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளையே சார்கின்றது. முப்பது வயதுக் குடும்பத்தலைவன் படுக்கையில் வீழ்ந்தால் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் என மூன்று தலைமுறை தள்ளாடும்.

உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, புகைத்தல், மிகுந்த மதுபாவனை, உடற்பருமன் என்பன இளையோரிடத்தும் முக்கிய காரணங்களாகும். அத்துடன் சிறுவயதில் தொண்டைநோவைத் தொடர்ந்து வரும் வாதக்காய்ச்சலினால் இதய வால்வு பழுதடைந்தோருக்கு, இதயத்தில் உறையும் குருதிக்கட்டி மூளைக்குச் சென்று அடைக்கக்கூடும். பிரசவத்தை அடுத்த வாரங்களில் மூளையின் நாளங்களில் குருதி உறைவதும் உண்டு. ஆகவே பிள்ளை பெற்ற தாய்க்கு விடாத கடுந்தலையிடியோ வலிப்போ ஏற்படின் உடனே வைத்தியரிடம் காட்டுதல் அவசியம்.

திடீரென முகம் ஒருபக்கம் கோணுதல், ஒருபக்கக் கை அல்லது கால் பலமிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பாரிசவாதம் எனக் கருதவேண்டும். முதியவர் என்றால் உடனே விளங்கிக்கொள்வோம். இளைஞன் என்றால் "வெயில் மயக்கம்", "கண்ணூறு", "குடித்திருக்கிறான்" என்று சொல்லிப் படுக்க வைத்துவிடுகின்றோம். அங்கேதான் காலம் வீணாகின்றது. அடைப்பினால் வரும் பாரிசவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் மூளைக்கலங்கள் அழிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். அடைப்பா, குருதிக்கசிவா என்பது சி.ரி. ஸ்கான் எடுத்த பின்னரே தெளிவாகும். எனவே வீட்டில் அஸ்பிரின் கொடுக்கலாகாது. விழுங்குவது தடைப்பட்டிருக்கலாம் ஆதலால் நீரோ உணவோ கொடுக்கலாகாது. நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வரும்.

நூல் கட்டுவதையும் நேர்த்தி வைப்பதையும் நான் குறைகூறவில்லை. நோயாளியை வைத்தியசாலையில் சேர்த்த பின்னர் அவற்றைச் செய்யலாம். அர்ச்சனைக்கு ஆலயக் கதவு என்றும் திறந்தேயிருக்கும். அதேபோல் விரத நாட்களில் குருதி அமுக்க மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாது, வைத்தியரின் ஆலோசனைப்படி நடத்தல் வேண்டும். இளையோரும் வருடத்துக்கு ஒருமுறையேனும் குருதி அமுக்கத்தைச் சோதித்துக்கொள்வது நன்று. அரசாங்க வைத்தியசாலைகளில் இதற்குப் பணம் அறவிடப்படுவதில்லை.

எம் ஊர் இளஞ்சந்ததி நோயற்ற வாழ்வு பெற எல்லாம்வல்ல விநாயகப் பெருமான் திருவருள் பாலிப்பாராக.