இருவருக்கு ஒரு தட்டு: அடுப்பு பற்ற வைக்காத ஒரு மாலை



இந்த முறை நம் பாடம் கடன், வட்டி, பதிவேடு பற்றியது இல்லை. ஒரு தட்டைப் பற்றியது.

கல்யாணமான அன்று இரவு உங்கள் அறையில் ஒரு தட்டு வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வாழைப்பழம், திராட்சை, லட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு பால். அத்தையோ அண்ணியோ அடுக்கி வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். அந்தத் தட்டுக்காக நீங்கள் அடுப்படியில் நிற்கவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தீர்கள். அதற்குப் பிறகு அப்படி உட்கார்ந்து, ஒரே தட்டில் எத்தனை தடவை சாப்பிட்டீர்கள்?

பாகூர் கொம்யூனில் ஒரு குழுக் கூட்டத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டோம். முதலில் ஒரே சிரிப்பு. "அட போங்க மேடம், இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு?" என்றார் ஒரு அக்கா. அடுத்தவர் சிரிக்கவில்லை. "கல்யாண நாள்னாதான் எனக்குக் கூடுதல் வேலை. வடை, பாயசம்னு ராத்திரி பத்து மணி வரைக்கும் அடுப்பு முன்னாடி. எல்லாரும் சாப்ட்டு எழுந்த பிறகு, மிச்சத்தைப் போட்டுக்கிட்டு தனியா சாப்பிடுவேன்" என்றார். மூலையில் இருந்த இன்னொருவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்லயும் தட்டு உண்டு மேடம். வெள்ளரிக்காய், கடலை, ஊறுகாய் எல்லாம் நான்தான் வெச்சுக் குடுக்கிறேன். அது பாட்டிலுக்கு."

அதற்குப் பிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அன்றுதான் இந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஏன் அடுப்பில்லா தட்டு?

அடுப்பில்லா சமையல் போட்டி நமக்குப் புதிதில்லை. மகளிர் தின விழாக்களில் பலரும் செய்து பரிசு வாங்கியிருக்கிறீர்கள். அதை மேடையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வருவதுதான் இந்தப் பாடம்.

இப்போது செல்போன் வீடியோக்களில் பெரிய மரப்பலகையில் சீஸ், ஆலிவ், திராட்சை, பிஸ்கட் என்று அடுக்கிக் காட்டுகிறார்கள். 1954 வரை நம் பாண்டிச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களிடமும் இதற்குப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் சின்னச் சின்னத் தின்பண்டங்களை நடுவில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்து பேசுவார்கள். அந்தச் சீஸும் ஆலிவும் நமக்குத் தேவையில்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது: தட்டை வைத்தவரும் கூடவே உட்காருகிறார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா" என்று எழுந்து போக அங்கே எதுவும் இல்லை.

கடைசியாகச் சாப்பிடுகிறவருக்குக் குறைவாகவே கிடைக்கும். இது நம் எல்லோருக்கும் தெரியும். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. மிச்சம் மீதியைச் சாப்பிடுவதும் அதில் ஒன்று. ஒரு மாலைத் தட்டு இரத்தசோகையைக் குணமாக்கிவிடாது. ஆனால் தட்டின் சரிபாதி உங்களுக்கு என்கிற பழக்கத்தை அன்று தொடங்கலாம்.

தட்டில் என்னென்ன?

இரண்டு பேருக்கு அளவு சொல்கிறோம். இது இராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலாகவே போதும்.

1. வயிறு நிறைய அவல்: கெட்டி அவல் ஒன்றரை டம்ளர். இரண்டு முறை அலசி, நீரை வடித்து, கால் மணி நேரம் மூடி வையுங்கள். காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கவும். பிறகு இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் பொடித்த வெல்லம் மூன்று ஸ்பூன், தேங்காய்த் துருவல், ஏலக்காய். மறு பாதியில் எலுமிச்சைச் சாறு, உப்பு, துருவிய கேரட், கொத்தமல்லி. சிவப்பு அவல் கிடைத்தால் இன்னும் நல்லது.

2. ஊறவைத்த பாசிப்பருப்பு: 50 கிராம் பருப்பை நன்றாகக் கழுவி, குடிக்கிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து வடிக்கவும். பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், மாங்காய்த் துருவல், தேங்காய், உப்பு சேர்க்கவும். ராமநவமிக்குக் கோயில்களில் பானகத்தோடு கொடுப்பார்களே, அந்த வடைப்பருப்புதான்.

3. பழம்: நம் பக்கம் கிடைக்கிற கொய்யா, பப்பாளி, வாழைப்பழம். கோடையில் நுங்கும் மாம்பழமும். மூன்று வகை போதும். கொய்யாவிலும் எலுமிச்சையிலும் உள்ள வைட்டமின் சி, அவலிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். டீ அதைத் தடுக்கும். அதனால் சாப்பிட்ட உடனே டீ வேண்டாம்.

4. கொறிக்க: வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம் ஆறு. பக்கத்துக் குழு செய்கிற கடலை மிட்டாயோ எள்ளுருண்டையோ இருந்தால் அதையே வாங்குங்கள். காசு நம் பெண்களிடமே இருக்கும்.

5. குடிக்க பானகம்: 50 கிராம் வெல்லத்தை இரண்டு டம்ளர் குடிநீரில் கரைத்து வடிகட்டவும். அரை மூடி எலுமிச்சை, ஒரு சிட்டிகை சுக்குப் பொடி, ஏலக்காய், துளி உப்பு. மண் பானைத் தண்ணீரில் கரைத்தால் ஐஸ் தேவையில்லை. இனிப்பு வேண்டாதவர்களுக்கு நீர்மோர்.

6. முடிக்க வெற்றிலை: நன்றாகக் கழுவிய வெற்றிலையில் தேங்காய்த் துருவல், சோம்பு, கொஞ்சம் குல்கந்து வைத்து மடியுங்கள். பாக்கு வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004ல் வெளியிட்ட அறிக்கையில், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

அடுக்குவது எப்படி?

கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தாம்பாளம் பரண் மேலே தூங்கிக்கொண்டிருக்கும். எடுத்துப் புளி போட்டுத் தேயுங்கள். பித்தளையில் புளிப்பு நேராகப் படக்கூடாது. எனவே வாழை இலையை வட்டமாக நறுக்கி மேலே விரித்து, அதன் மேல் கிண்ணங்களை வையுங்கள்.

கிண்ணத்துக்கும் கடைக்குப் போக வேண்டாம். நன்றாகச் சுரண்டிக் கழுவிய கொட்டாங்குச்சி போதும். வில்லியனூர் பக்கத்து உறுப்பினர்களுக்குச் சொல்லவே வேண்டாம், சுடுமண் வேலை உங்கள் ஊரின் பெயரிலேயே புவிசார் குறியீடு பெற்றது. அங்குள்ள கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. வர்ணம் பூசாத மண் கிண்ணத்தில் உணவு வைக்கலாம். வர்ணம் பூசியது அழகுக்கு மட்டும்.

ஈரமான பருப்பும் அவலும் கிண்ணத்தில். காய்ந்த கடலை இலை மேல், ஈரம் படாமல். பழம் ஓரத்தில் சுற்றி. நடுவில் ஒரு அகல் விளக்கு. பக்கத்தில் ஒரு முழம் மல்லி. அவ்வளவுதான் அலங்காரம்.

நேரம்

மாலை 5 மணிக்குப் பருப்பை ஊறவையுங்கள். 6 மணிக்குக் காய், பழங்களைக் கழுவி வையுங்கள். ஆறரைக்கு அவலை அலசுங்கள். பழம் நறுக்குவது கடைசியில்தான், 7 மணிக்கு. அந்த வேலை அவருக்கு. தேங்காய் உடைப்பது, துருவுவது, வெள்ளரி நறுக்குவது, இதில் ஒன்றையாவது அவர் கையில் கொடுங்கள். கோணலாக நறுக்கினால் பரவாயில்லை, சிரித்துக்கொண்டே தின்னுங்கள். தட்டில் இரண்டு பேர் கையும் இருக்க வேண்டும்.

டிவி, செல்போன் இரண்டும் ஒரு மணி நேரம் அணைந்திருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

• மீன் நறுக்கிய கத்தியையும் பலகையையும் சோப்பு போட்டுக் கழுவாமல் பழத்துக்குத் தொடாதீர்கள்.
• வேக வைக்காத உணவு என்பதால் கை, தண்ணீர், பாத்திரம் மூன்றும் சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீரைக் காலையிலேயே காய்ச்சி ஆற வைப்பது நல்லது.
• நறுக்கிய பழமும் ஊறிய பருப்பும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.
• பூஞ்சை பிடித்த, கசக்கிற வேர்க்கடலையைத் தூக்கிப் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் நச்சு ஈரலைக் கெடுக்கும்.
• சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வெல்லம், பானகம், பேரீச்சை வேண்டாம். பருப்பு, வெள்ளரி, கொய்யா, மோர் போதும். அவலும் அளவோடுதான்.
• முளைகட்டிய பயறு வைத்தால், கர்ப்பிணிகள் அதைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அவர்களுக்கு நன்றாக வேக வைத்துக் கொடுங்கள்.
• சின்னக் குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.
• இதற்காகக் குழுவில் கடன் எடுக்க வேண்டாம். வீட்டில் இருப்பதே தட்டில் போதும்.

"மாமியார் என்ன சொல்வாங்க?"

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வந்தது. முதல் கிண்ணம் மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும். கொஞ்சம் அதிகமாகவே ஊறவைத்து, முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு மாடியோ, திண்ணையோ, கொல்லைப்புறத் தென்னை மரத்தடியோ, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே தட்டை எடுத்துப் போங்கள். ஒளிந்து செய்கிற காரியம் இது இல்லை. அம்மாவும் அப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லதுதான்.

செய்து பார்த்தவர்கள் சொன்னது

அந்தக் கூட்டத்தில் "கூடுதல் வேலை" என்று சொன்ன அக்கா, அடுத்த கல்யாண நாளில் செய்து பார்த்தார். வேலை முடிந்து வந்த கணவர் அடுப்பைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு, ஒடம்பு சரியில்லியா? கேஸ் தீந்துபோச்சா?" என்று கேட்டாராம். "ஒண்ணும் இல்ல, உக்காருங்க, இந்த மாங்காயைச் சீவுங்க" என்றாராம் இவர். முதலில் கொஞ்சம் சங்கடம். பாதித் தட்டு காலியானதும் பேச்சு வந்தது. பெண்ணின் படிப்பு, வாங்கிய கடன், போன வருஷம் மழையில் போன நெல். "கடனைப் பத்தி சண்டையில்லாம நாங்க பேசினது அன்னிக்குத்தான் மேடம்" என்று எங்களிடம் சொன்னார். "கடைசிக் கடலை மிட்டாயை அவரே ரெண்டா ஒடைச்சு, பெரிய துண்டை எனக்குக் குடுத்தாரு" என்றும் சொன்னார். சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூலையில் இருந்த அந்த உறுப்பினரும் செய்தார். அவர் கணவர் அன்றும் குடித்துவிட்டுத்தான் வந்தார். தட்டை இவர் அவருக்கு நீட்டவில்லை. மகளை எழுப்பி, இரண்டு பேரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "பாட்டிலுக்குத் தட்டு வெக்க மாட்டேன்னு அன்னிக்குச் சொல்லிட்டேன்" என்றார். இதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஒரு தட்டு குடியை நிறுத்தாது, கைநீட்டுகிறவரை மாற்றாது. வீட்டில் அடி உதை இருந்தால் குழுவில் சொல்லுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம்.

கணவரை இழந்தவர்கள், தனியாக வாழ்கிறவர்கள் நம் குழுக்களில் நிறையப் பேர். "எங்களுக்கு என்ன விசேஷ நாள்?" என்று கேட்காதீர்கள். பிறந்த நாளோ, கடைசித் தவணை கட்டி முடித்த நாளோ, ஒரு தட்டு அடுக்கி, குழுவில் மனதுக்குப் பிடித்த தோழியைக் கூப்பிடுங்கள். மல்லியும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? ஏன்?
2. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது கடைசியாக எப்போது?
3. ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவந்து, கூட்டத்திலேயே ஒரு தட்டு அடுக்கிப் பார்க்கலாமா? யார் எதைக் கொண்டு வருவது?

மூன்றாவது கேள்விக்கான பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். நாங்கள் வரும்போது எங்களுக்கும் ஒரு கை அவல் எடுத்து வையுங்கள்.