வைப்பினிலிருந்து நடிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

என்னிடம் நடிப்புப் பழக வருகிற பிள்ளைகளில் சிலர் மட்டாஞ்சேரித் தமிழ் வீடுகளைச் சேர்ந்தவர்கள். சிலர் வைப்பினிலிருந்து ஜங்கார் படகு ஏறி வருகிறவர்கள். “டீச்சர், அன்னா பென் மாதிரி ஆகணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்காத பிள்ளை குறைவு. கேட்பது நியாயம்தான். அவர் வைப்பின் தீவின் நாயரம்பலத்துப் பெண். 2019-இல் முதல் படம். அடுத்த ஆண்டு வந்த படத்துக்கே கேரள அரசின் சிறந்த நடிகை விருது. 2024-இல் பெர்லின் விழாவுக்குப் போன தமிழ்ப் படத்தின் நாயகி. எனக்கு அவரோடு பழக்கம் கிடையாது. அவருடைய படங்களைப் பலமுறை பார்த்து வகுப்பில் பாடமாகச் சொல்லிவருகிறேன். அதிலிருந்து உங்களுக்கு வேண்டியதை எழுதித் தருகிறேன்.

1. வேடம் எவ்வளவு நேரம் வருகிறது என்று கேட்காதீர்கள். கதையில் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். அன்னாவின் முதல் படமான ‘கும்பளங்கி நைட்ஸ்’ அண்ணன் தம்பிகளின் கதை. பகத் பாசிலின் ஷம்மி வேறு திரையை அடைத்துக்கொண்டு நிற்கிறார். அந்தக் கூட்டத்துக்குள் ஷம்மியின் மனைவிக்குத் தங்கையாக, பேபிமோள் என்ற வேடம். ஆனால் பேபிமோள் தனக்குப் பிடித்தவனைத் தானே தேர்ந்தெடுக்கிறாள், அதில் உறுதியாக நிற்கிறாள். கதை நகர்வதே அதனால்தான். அன்னாவின் அப்பா பென்னி பி. நாயரம்பலம் ‘சாந்துபொட்டு’ எழுதியவர், நாடகத்திலிருந்து சினிமாவுக்குப் போனவர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணும் ஆடிஷனில் நின்றுதான் அந்த வேடத்தை வாங்கினார். ஆகவே ஆடிஷனுக்குப் போவதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள்.

2. உடம்பைப் பழக்குங்கள். அதே 2019-இல் மாத்துக்குட்டி சேவியர் இயக்கிய ‘ஹெலன்’ வந்தது. கோழிக்கறிக் கடையில் வேலை பார்க்கும் நர்சிங் படித்த பெண், இரவில் குளிரறைக்குள் மாட்டிக்கொள்கிறாள். அங்கே எதிரே பேச ஆளில்லை. துணைக்கு ஓர் எலி. அந்தக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். குளிர் என்றதும் நீங்கள் எல்லோரும் வகுப்பில் பல்லைக் கடகடவென ஆட்டுகிறீர்கள். அன்னா முதலில் நடுங்குவதே இல்லை. கதவைத் தட்டுகிறார், கோபப்படுகிறார், அட்டைப்பெட்டியையும் பிளாஸ்டிக்கையும் எடுத்து ஏதாவது வழி செய்யப் பார்க்கிறார். கை வேலை செய்துகொண்டே இருக்கிறது. பிறகு விரல் சொன்னபடி கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் முகம் மாறுகிறது. குளிரை நடிக்காமல் வேலையை நடித்திருக்கிறார். குளிர் அந்த வேலையைக் கெடுப்பதை நாம் பார்க்கிறோம். வலி, பசி, பயம் எல்லாவற்றுக்கும் இந்த வழிதான். வீட்டில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே அழும் காட்சியைச் செய்து பாருங்கள், புரியும்.

இன்னொன்றையும் அந்தப் படத்தில் கவனிக்க வேண்டும். ஹெலன் வெளியே போகவில்லை என்பது ஒரு காவலாளிக்குத்தான் உறைக்கிறது. தினமும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற பெண் அன்று போகவில்லையே என்று. அந்தச் சிரிப்பு படத்தின் முற்பகுதியில் ஒரு நொடி வந்து போவது. அதை அலட்சியமாகச் செய்திருந்தால் முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

அந்தப் படத்தின் ஒப்பனைக்காக ரஞ்சித் அம்பாடிக்கு தேசிய விருது கிடைத்தது. மேக்கப் போடுகிறவரிடம் மரியாதையாக இருங்கள். உங்கள் முகத்தில் பாதி அவர் வேலை.

3. தெரிந்ததை மறக்கவும் பழக வேண்டும். முஸ்தபா இயக்கிய ‘கப்பேள’ 2020 மார்ச்சில் வந்தது; கொரோனாவால் கொட்டகைகள் மூடப்பட்டு, பிறகு நெட்ஃபிளிக்ஸ் வழியாகத்தான் பெரும்பாலோர் பார்த்தார்கள். மலையூர்ப் பெண் ஜெஸ்ஸி, தவறான நம்பருக்குப் போன ஒரு போன் அழைப்பில் கேட்ட குரலை நம்பி ஊரைவிட்டுக் கிளம்புகிறாள். அவள் கடலையே பார்த்ததில்லை, பார்க்க ஏங்குகிறாள். அதை நடித்தவரோ ஒரு பக்கம் அரபிக்கடலும் மறுபக்கம் காயலும் உள்ள தீவில் வளர்ந்தவர்! நீங்களும் தினம் கடலைப் பார்க்கிறவர்கள்தான். அது கண்ணில் படுவதே இல்லை, இல்லையா? முதல் தடவை பார்க்கிற கண்ணோடு அதைப் பார்க்க உங்களால் முடியுமா? சிறந்த நடிகை விருது இந்த வேடத்துக்குத்தான் கிடைத்தது.

4. பேசாமல் இருப்பதுதான் கடினம். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய, பெர்லினுக்குப் போன ‘கொட்டுக்காளி’யை மதுரைக்காரர்கள் எழுதிய பாடப்புத்தகமாகவே நினைக்கிறேன். வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சொல்லி, ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாரிடம் கூட்டிப்போகிறது குடும்பம். முறைமாமன் பாண்டியாக சூரி, தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கட்டைக் குரலில் கத்துகிறார். பின்னணி இசை கிடையாது. மீனா ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியில் ஒலிபெருக்கியில் கேட்ட பாட்டை உதட்டுக்குள் முணுமுணுக்கிறாள்; அதற்கே அடி விழுகிறது. அந்த முணுமுணுப்புக்கு முன்னால் அவள் முகத்தைப் பாருங்கள். பாட்டு காதில் விழுவது தெரியும், அவள் எங்கேயோ போய்விடுவது தெரியும், உதடு அசைவது அவளுக்கே தெரியாதது போல இருக்கும். இதைச் செய்தவர் மலையாளப் பெண். வசனமில்லாவிட்டால் மொழி வேண்டாம் என்று நினைக்காதீர்கள். மதுரைப் பக்கத்துப் பெண் ஆட்டோவில் எப்படி உட்காருவாள், பெரியவர்கள் பேசும்போது எங்கே பார்ப்பாள் என்பதும் மொழிதான். கொச்சித் தமிழர்களான நாமும் ஊருக்குப் போகும்போது அத்தைகளையும் சித்திகளையும் போனை வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டும். நம் தமிழ் அவர்கள் தமிழ் அல்ல.

5. இரண்டு படங்களுக்கு நடுவே வருகிற காலத்துக்கும் தயாராக இருங்கள். ரஷ்ய நடிகை தத்யானா சமொய்லோவாவை உங்களில் பலருக்குத் தெரியாது. 1957-இல் கலதோசோவ் இயக்கிய ‘நாரைகள் பறக்கின்றன’ படத்தின் நாயகி. அந்தப் படம் அடுத்த ஆண்டு கான் விழாவின் தலைசிறந்த பரிசை வென்றது. போருக்குப் போகிறவனை வழியனுப்ப பஸ்ஸிலிருந்து குதித்து, கூட்டத்தைப் பிளந்து ஓடுவார். கேமராவும் கூடவே ஓடிப் பின் மேலே உயரும். அந்த ஓட்டத்தை வகுப்பில் போட்டுக் காட்டுவேன். உலகமே கொண்டாடிய அவருக்கு அதன் பிறகு வந்த பெரிய வேடங்கள் சில மட்டுமே. பத்தாண்டு கழித்து 1967-இல் அன்னா கரேனினா. திறமை இருந்தும் இப்படி நடக்கும். அதற்கு நடிகை பொறுப்பல்ல. அப்படிப்பட்ட காலத்தில் வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொழில் கையில் இருக்கட்டும்.

6. எல்லோரும் நாயகி ஆக மாட்டீர்கள். வருத்தப்பட வேண்டாம். வைப்பினின் செறாயில் பிறந்த சங்கராடி நாயகனாக இல்லாமலேயே நூற்றுக்கணக்கான படங்களில் வாழ்ந்தார்.

7. ஊரை விட்டுவிடாதீர்கள். வைப்பின் பஸ்கள் நகரத்துக்குள் விடப்படாமல் ஹைகோர்ட் ஜங்ஷனோடு நிறுத்தப்பட்டன. 2004-இல் தீவை நகரத்தோடு இணைக்கும் கோஸ்ரீ பாலங்கள் திறந்த பிறகும் அதே கதை. தீவுப் பிள்ளைகள் அங்கே இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது, இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. 2023-இல் அன்னா பென் இதைப் பற்றி முதலமைச்சருக்குத் திறந்த கடிதம் எழுதினார். செயின்ட் தெரேசாஸ் கல்லூரியில் படித்த காலத்தில் அந்த அலைச்சல் பட்டவர். விருது வாங்கியபின் பஸ்ஸைப் பற்றி எழுதிய அந்தக் கடிதத்துக்காகவே எனக்கு அவர்மேல் தனி அன்பு.

8. பெண் பிள்ளைகள் இதை இரண்டு முறை படியுங்கள். மலையாளத்தின் முதல் கதாநாயகி பி.கே. ரோஸி, தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் நாயர் பெண்ணாக நடித்ததற்காகவே விரட்டப்பட்டு தமிழ்நாட்டுக்கு ஓட வேண்டியிருந்தது. அவருக்கு அமைந்தது அந்த ஒரே படம். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய 2017-இல் அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019 கடைசியில் அரசிடம் போய், 2024 ஆகஸ்ட் 19-இல்தான் வெளியே வந்தது. நாலு நாள் கழித்து ‘கொட்டுக்காளி’ வெளியானது. அந்த அறிக்கையில் உள்ளவை உங்களைவிட மூத்த பெண்கள் பட்டவை. ஆகவே சம்பளம், நாள் கணக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று கேளுங்கள். லொக்கேஷனில் கழிவறையும் உடை மாற்ற அறையும் உண்டா, புகார் கமிட்டியில் யார் இருக்கிறார்கள், ராத்திரி வீடு திரும்ப வண்டி யார் ஏற்பாடு என்று கேளுங்கள். தனியாக ஹோட்டலுக்கு வரச் சொல்லிக் கதை சொல்கிறவரிடம் கதை கேட்கப் போகாதீர்கள். அக்ரிமென்ட் புரியவில்லை என்றால் கையெழுத்துப் போடும் முன் என்னிடம் கொண்டுவாருங்கள். எந்த நாளானாலும் சரி, உட்கார்ந்து வரி வரியாகப் படிப்போம்.